தொண்ணூற்றேழு புள்ளி ஆறு

ஊசியக்கா இறந்து பத்து மாதங்கள் ஆகியும் அவருடைய உடல்சூடு ஒருநாள்கூட தொண்ணூற்றேழு புள்ளி ஆறைத் தாண்டவில்லை. இது எனக்கு உறுதியாகத் தெரியும். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைப் பதிவேட்டில் எழுதுவது நான்தான்.

எங்களுடையது பதிவேடுகள் அச்சிடும் அச்சகம். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, புகார்ப் பதிவேடு, புகார்ப் பதிவேடு காணாமல் போனால் அதைக் குறித்துவைக்க இன்னொரு பதிவேடு. யார் எதைக் கேட்டாலும் கோடு போட்டு, தைத்து, அட்டை கட்டிக் கொடுப்போம். உள்ளே என்ன எழுதுவார்கள் என்பது எங்கள் கவலை இல்லை. பெருந்தொற்று வந்த வருஷம், வேலையிட நலக்காப்பு ஆணையம் எங்களிடம் நாற்பதாயிரம் உடல்சூட்டுப் பதிவேடுகள் கேட்டது. ஊரே கதவடைத்துக் கிடந்தபோது நாங்கள் இரண்டு ஷிப்டு ஓடினோம்.

தைக்கிற மேசை ஊசியக்காவினுடையது. மடித்த தாள்களை அடுக்கி முதுகில் நூல் கோத்துத் தைப்பார். சட்டைக் காலரில் எப்போதும் நூலோடு ஒரு ஊசி குத்தியிருக்கும். வீட்டுக்குப் போகும்போதும் அதை எடுக்கமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு வேலையிடத்திலும் பயிற்சி பெற்ற நலக்காப்புப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைப் பூட்டிவிடுவோம் என்று ஆணையம் எழுதியபோது, மூன்று நாள் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்தது. அந்த வாரம் அட்டை வரவில்லை, தையல் வேலை நின்றிருந்தது. ஆகவே ஊசியக்கா பொறுப்பாளர் ஆனார். வாசலில் அவர் முழுப்பெயரைப் பெரிதாக எழுதிய பலகை தொங்கியது. சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். ஊசியக்கா ஏழு மாதம்தான் சென்றார்.

பெயரை எடுத்தால் வேறொருவரை அனுப்ப வேண்டும். பயிற்சியோ நோய் பரவுகிறது என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதனால் பலகை அப்படியே இருந்தது. பலகையில் இருப்பவருக்குப் பதிவேட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். வரி இருந்தால் அதில் ஒரு எண் இருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் அளக்காமல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருநாள் காலை யாரும் பார்க்காதபோது, அளக்கிற துப்பாக்கியை அவருடைய காலி நாற்காலியின் முதுகுக்கு நேரே பிடித்து அழுத்தினேன். அது 'லோ' என்று காட்டியது. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று அதற்கு அர்த்தம். அப்படி எழுதக் கட்டத்தில் இடமில்லை. தொண்ணூற்றேழு புள்ளி ஆறு என்று எழுதினேன்.

அது என் எண் அல்ல, அச்சகத்தின் எண். பதிவேடு எழுதத் தொடங்கிய நாளிலேயே மேனேஜர் எங்களை நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்.

"தொண்ணூத்தொன்பதைத் தாண்டினா பதினாலு நாள் இடத்தை மூடணும். அது சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவன். யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாதுன்னு சொல்லல. வந்தா எழுதக்கூடாதுன்னும் சொல்லல. எழுதற மாதிரி வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

அன்றிலிருந்து முப்பத்தொரு பேருக்கும் தினமும் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. சொல்லப்போனால், எங்களைப் போல ஒற்றுமையான உடம்புகள் வேறெந்த வேலையிடத்திலும் இருந்திருக்காது.

ஊசியக்கா உயிரோடு இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் என் கை நின்றது. ஊசியக்கா நெற்றியைக் காட்டினார். கருவி நூறு புள்ளி எட்டு காட்டியது. இரண்டாம் முறையும் அதேதான். நான் அவரைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன.

"என்னக்கா இது?"

"எல்லாருக்கும் எழுதறதையே எழுதும்மா. வெள்ளிக்கிழமை லாரி வந்துடும். அதுக்கப்புறம் சாவகாசமாப் படுத்துக்கறேன்."

எழுதினேன். மறுநாளிலிருந்து அவர் நெற்றியைக் காட்டவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனார். வெள்ளிக்கிழமை நாற்பதாயிரம் உடல்சூட்டுப் பதிவேடுகளும் லாரி ஏறின. கடைசி ஆயிரத்தை நூற்றுச்சொச்சம் காய்ச்சலோடு தைத்தவர் அவர். அடுத்த வாரம் அவர் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்காரர் அச்சகத்துக்கு வந்தார். பஸ் டிரைவர். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டார்.

"வேற எதுவும் வேணாம் சார். அவளுக்கு எந்தத் தேதில காய்ச்சல் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குச் சனிக்கிழமை வந்துச்சு. அவ ஞாயித்துக்கிழமை படுத்தா. முன்னாடி அவளுக்கு இருந்துச்சான்னு தெரியணும்."

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து நாளும் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. டிரைவர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அப்ப நான்தான் பஸ்ஸிலேருந்து கொண்டாந்து குடுத்திருக்கேன்" என்றார். அழவில்லை. கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டார். எதற்கும் போட வேண்டாம் என்றோம்.

அவர்கள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். இத்தனை மாதம் கழித்தும் அவர் வீட்டுக்குள் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. குழந்தைக்குத் தட்டில் சோறு போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, வெளிவாசல் படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். குழந்தை உள்ளேயிருந்து கதை சொல்லும். அவர் தெருவைப் பார்த்து 'ம்' கொட்டுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை ரொம்ப ஜாக்கிரதையான மனுஷன் என்று மெச்சினார்கள்.

ஒருமுறை நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்த வாரம் ஆரம்பத்துலயே அக்காவுக்கு உடம்பு சரியில்லாத மாதிரிதான் இருந்துச்சு."

"ஆறுதலுக்குச் சொல்றீங்கம்மா. நோட்டுல அப்படி இல்லையே" என்றார்.

நோட்டில் எழுதியது நான்தான், பொய்யாகத்தான் எழுதினேன் என்று அடுத்த வாக்கியம் என் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்த துணி அது.

இப்படி இருக்கும்போதுதான் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. 'எந்த முன்னறிவிப்பும் இல்லாத திடீர் ஆய்வு வரும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடைபெறும். பொறுப்பாளர் நேரில் இருக்க வேண்டும்.'

அந்த வாரம் நாங்கள் ஒரு பதிவேடுகூடத் தைக்கவில்லை. தரை முழுவதும் ஆறடிக்கு ஒன்றாக மஞ்சள் வட்டம் வரைந்தோம். ஆள் வட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். கட்டிங் மாஸ்டரின் வட்டம் கட்டிங் மெஷினிலிருந்து ஆறடி தள்ளி விழுந்தது.

"இங்க நின்னுக்கிட்டுத் தாளை மந்திரம் போட்டா வெட்டறது?" என்றார் அவர்.

"ஆய்வு நடக்கறப்ப வெட்டாதீங்க. வெட்டற மாதிரி நில்லுங்க" என்றார் மேனேஜர்.

கை கழுவும் தொட்டி வந்தது. அதற்குக் குழாய் இணைப்பு வர மூன்று வாரம் ஆகுமாம். தொட்டிக்கு மேலே, இருபது விநாடி தேய்த்துக் கழுவவும் என்ற அறிவிப்பைக் கண்ணாடி போட்டு மாட்டினோம். கட்டிங் மாஸ்டர் தினமும் அதன் முன்னால் நின்று வெறுங்கையை இருபது விநாடி தேய்த்துவிட்டு, "சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பழைய பதிவேடு மேசைமேல் விரித்திருந்தது.

"என்னம்மா இது? ஒரு வருஷம், முப்பத்தொரு பேர், ஒரே நம்பர்! பாக்கறவன் என்ன நினைப்பான்? மனுஷன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்க வேண்டாமா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் ஒழுங்கா எழுதச் சொன்னேன். நம்பற மாதிரி எழுதச் சொன்னேனா? சரி, புதுசா ஒரு புத்தகம் எடுத்து முழுசாத் திருப்பி எழுது. ஒருத்தருக்குத் தொண்ணூத்தேழு நாலு, ஒருத்தருக்குத் தொண்ணூத்தெட்டு ஒண்ணு. இயற்கையா இருக்கட்டும்."

இரண்டு பகல் முழுக்க இயற்கையாக எழுதினேன். ஊசியக்காவின் வரியில் பேனா தானாக மெதுவாகும். செத்த பிறகான மாதங்களில் அவருக்கு என்ன சூடு கொடுப்பது? மழைக்காலத்தில் கொஞ்சம் குறைத்தேன். அவர் மகளின் பிறந்தநாள் எனக்குத் தெரியும். அன்று தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு கொடுத்தேன். தைக்கிற மேசைப் பக்கம் யாரோ நூலை இழுத்து அறுக்கிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. திரும்பவில்லை. அங்கே பாதி தைத்த புத்தகம் ஒன்று, கடைசித் தையலில் ஊசி செருகியபடியே, பத்து மாதமாக இருக்கிறது. அதை எடுத்து வைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டிங் மாஸ்டர் புதுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"தங்கச்சி, அடில பாத்தியா?"

எங்கள் அச்சகத்தின் வழக்கம் அது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிட்ட மாதத்தையும் வருஷத்தையும் பொடி எழுத்தில் போடுவோம். முப்பது வருஷமாகப் போடுகிறோம். அதனாலேயே எங்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை. போன வருஷத்து உடல்சூட்டையெல்லாம் போன மாதம் அச்சடித்த தாளில் எழுதியிருந்தேன்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். நாங்களே அச்சடித்த விதிமுறை. 'பதிவுகளைப் பொறுப்பாளர் மட்டுமே திருத்தலாம். பழைய எண் தெரியும்படி அடித்து, சரியான எண்ணை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆய்வாளர் மேலொப்பமிட்டு, சம்பந்தப்பட்ட தொழிலாளிக்கு நகல் வழங்குவார்.'

"போதும். பத்து இடத்துல திருத்துங்க. முன்னப்பின்ன வந்துடும்" என்றார்.

"பொறுப்பாளர்தானே சார் திருத்தணும்?" என்றேன்.

மேனேஜர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உயரத்தை அளக்கிற பார்வை.

"நீயும் அவங்க உயரம்தான். தொப்பி, முகக்கவசம், அதுக்கு மேல கண்ணாடித் தடுப்பு. யாருக்குத் தெரியப் போவுது?"

"சான்றிதழ்ல போட்டோ இருக்கே சார்."

சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். பயிற்சியின்போது எடுத்த படம். விதிப்படி அதிலும் முகக்கவசம் இருந்தது. இரண்டு கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தன.

அப்படித்தான் நான் பத்தரை மணிக்கு ஊசியக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் தொப்பி ஆணியில் தொங்கியது, அதையே போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. மேனேஜர் கொடுத்த சீட்டைப் பார்த்து, பத்து பேருடைய பத்து எண்களை அடித்துத் திருத்தி, பக்கத்தில் ஊசியக்காவின் பெயரைக் கையொப்பமாகப் போட்டேன். என் கை அந்தப் பெயரை எங்கேயும் தடுமாறாமல் எழுதியது.

பத்தும் முடிந்த பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அவருடைய வரி. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்; பத்து மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதைத் திருத்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை உண்டு, அந்த ஆள் பதினொரு மணியிலிருந்து அரைமணி நேரம் மட்டும் இருப்பார் என்று நினைத்தேன். தொண்ணூற்றேழு புள்ளி ஆறை அடித்தேன். நூறு புள்ளி எட்டு என்று எழுதி அவர் பெயரைப் போட்டேன்.

ஆய்வாளர் சரியான நேரத்துக்கு வந்தார். கையில் நாடா. தைத்ததைப் பார்க்கவில்லை, அச்சைப் பார்க்கவில்லை. வட்டங்களுக்கு நடுவே அளந்தார். வெட்டுகிற மாதிரி நின்றிருந்த கட்டிங் மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். தொட்டிக்கு முன்னால் நின்று அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டு, "எழுத்து தெளிவா இருக்கு" என்றார். குழாயைத் திருகிப் பார்க்கவில்லை. பிறகு படிவத்தைத் திறந்தார்.

"வேலையிடத்துல இறப்பு ஏதாவது?"

"வேலையிடத்துல இல்ல சார்" என்றார் மேனேஜர்.

"வீட்டுல நடந்தா அது எங்க வரம்புல வராது" என்று ஒரு கோடு போட்டார். அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்துப் பேசினார். "நோயைப் பத்தி ஜனங்க வீணாப் பயப்படறாங்க. நோய் வரும், போகும். எத்தனை பேர் இருந்தாங்க, எத்தனை பேர் போனாங்கன்னு நாளைக்கு யாரும் கேக்கப் போறதில்ல. பதிவேடு இருக்கான்னுதான் கேப்பாங்க. பதிவேடு நல்லா இருந்தா நீங்க நல்லா இருந்தீங்கன்னு அர்த்தம்."

மேனேஜர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

ஆய்வாளர் என்னிடம் வந்தார். "நீங்கதான் பொறுப்பாளரா?"

ஊசியக்காவின் முழுப்பெயரைச் சொன்னேன்.

"பயிற்சில என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

ஊசியக்கா சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருந்தது. அதையே சொன்னேன். "மொத நாள் வருகைப் பதிவு எப்படிப் போடறதுன்னு. ரெண்டாம் நாள் பலகையை எந்த உயரத்துல மாட்டறதுன்னு. மூணாம் நாள் போட்டோ."

"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கீங்க" என்று மகிழ்ந்தார். கருவியை எடுத்து என் நெற்றிக்கு நேரே பிடித்தார். தொப்பிக்குக் கீழே எனக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார், தட்டினார், மறுபடி பிடித்தார்.

"லோன்னு காட்டுது. மெஷின் சரியில்ல போல. என்ன எழுதட்டும்?"

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு சார்" என்றார் மேனேஜர்.

எழுதிக்கொண்டார். பதிவேட்டைப் புரட்டி, திருத்தங்களில் ஒவ்வொன்றாக மேலொப்பம் போட்டு வந்தார். பத்து முடிந்தது. பதினொன்றாவதில் பேனா நின்றது.

"இது கொஞ்சம் அதிகமா இருக்கே? உங்க வரிதானே?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணாடித் தடுப்பு உள்ளே மூச்சால் வெளுத்துப் போனது.

"ஆமா சார்" என்றேன். "அன்னிக்குக் காய்ச்சல்தான். தப்பா எழுதிட்டாங்க. சரியான நம்பர் இதுதான்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

கட்டிங் மாஸ்டர் தன் வட்டத்துக்குள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஆய்வாளர் தனக்குத்தானே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன கேள்வி கேக்கறேன் பாருங்க. நீங்கதான் எதிர்ல உக்காந்திருக்கீங்களே!"

குறிப்புக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார். 'குணமடைந்தார். தற்போது பணியில் உள்ளார்.' மேலொப்பம், முத்திரை. விதிப்படி அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நகலிலும் முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார். மேனேஜரால் அவர் முன்னால் அதைப் பிடுங்க முடியவில்லை. ஆய்வாளர் போன பிறகு கேட்டார்.

"அதை இப்படிக் குடு."

"சம்பந்தப்பட்ட தொழிலாளிக்குன்னு போட்டிருக்கு சார்" என்றேன்.

அவர் வாசல் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அச்சகத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு பயத்தைக் கண்டேன். எனக்கும் அதே பயம்தான். நான் இன்னும் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை.

சாயங்காலம் நேராக டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. தாளை நீட்டினேன். முகக்கவசத்தை மூக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கினார்.

அன்றைக்குப் போலவே விரல் வைத்துப் படித்தார். விரல் செவ்வாய்க்கிழமையில் நின்றது.

"நூறு புள்ளி எட்டு" என்றார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். விரல்களை மடக்கி எண்ணினார். "செவ்வா, புதன், வியாழன், வெள்ளி. எனக்குச் சனி." இன்னொரு தடவை எண்ணினார். "அப்ப என்கிட்டேருந்து போகலையா?"

"இல்லண்ணே. அவங்களுக்குத்தான் முதல்ல. வேலைக்கு வந்த இடத்துல."

அவர் மூச்சு முகக்கவசத்துக்குள் ஏறி இறங்கியது. பிறகு கண் குறிப்புக் கட்டத்துக்குப் போனது. அதை வாய்விட்டுப் படித்தார்.

"குணமடைந்தார். தற்போது பணியில் உள்ளார்."

குழந்தை படிப்பதை நிறுத்தியது. "யாருப்பா?" என்று கேட்டது.

அவர் மறுபடி எண்ணைப் பார்த்தார். அடித்த கோட்டுக்குக் கீழே பழைய எண் தெளிவாகத் தெரிந்தது. தெரியும்படிதான் அடிக்க வேண்டும் என்பது விதி.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாண்ணே."

"அடிச்சிருக்கே, இந்தப் பழைய நம்பர்?"

"அதுவும் என் கையெழுத்துதான்."

"தெரிஞ்சா எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவர் எழுந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காதிலிருந்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், முகக்கவசத்தைக் கழற்றினார். பத்து மாதமாக நான் பார்க்காத முகம். மூக்கின் இரண்டு பக்கமும் வார் பதிந்து தோல் கறுத்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"கிட்ட வராதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. பஸ்ஸில் படியில் நிற்பவர்களிடம் சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. நடுக்கூடத்தில் குழந்தையின் தட்டு இருந்தது. அவர் தன் தட்டை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகு, தரையில் தேய்கிற சத்தத்தோடு, இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளினார்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வாசலிலிருந்து சரியாக ஆறடி. யாரும் அங்கே மஞ்சள் வட்டம் வரைந்திருக்கவில்லை.